கல்லடியில் ஒரு சத்துணவுக் கடை: தட்டில் உள்ளதும் சுவரில் உள்ளதும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிப் பக்கமாகச் செல்லும் பிரதான வீதியிலிருந்து கடற்கரையை நோக்கித் திரும்பும் ஒழுங்கைகளுள் ஒன்றில், அயலிலுள்ள பெண்கள் சிலர் கூட்டாக நடத்தும் சிறிய மதிய உணவுக்கடை ஒன்று உள்ளது. வாசற்பலகையில் ‘சத்துணவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு வெண்பலகையில் அன்றைய கறிகளின் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் எதிரே கலோரிக் கணக்கும் காணப்படும். உள்ளே நுழைந்தால் எதை உண்ண வேண்டும், எதை உண்ணக் கூடாது என்ற அறிவுரைகள் சுவர் முழுவதும் அச்சிட்டும் கையால் எழுதியும் ஒட்டப்பட்டிருக்கும். சீனி வருத்தமும் பிறசரும் வீட்டுக்கு ஒருவருக்கேனும் இருக்கும் இக்காலத்தில் இத்தகைய கடையொன்று நம்மூரில் இயங்குவது வரவேற்கத்தக்கது; நானும் அதன் வழக்கமான வாடிக்கையாளருள் ஒருவன். இருந்தாலும் இக்கடையின் சமையலறைக்கும் அதன் சுவருக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது என்பதே என் மதிப்பீடு. சமைப்பவர்களின் கை சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சுவர் சொல்வதில் பாதி தேவையற்றது, சில ஆபத்தானவை. பாராட்டுடன் குறையையும் எழுதப்போவதாலும், அந்தக் குறை இக்கடைக்கு மட்டும் உரியதல்ல என்பதாலும் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கடையின் உண்மையான சிறப்பு அங்கேதான் இருக்கிறது. நகரத்தில் வாங்கும் வழமையான மதியப் பார்சல் ஒன்றைப் பிரித்துச் சோற்றை மட்டும் தராசில் வைத்துப் பார்த்தால் 400 கிராமுக்குக் குறைவதில்லை. அதைச் சுற்றி ஒரு கரண்டி பருப்பு, ஒரு சிறு துண்டு மீன், கிள்ளிவைத்தாற்போல் ஒரு சுண்டல், மேலே ஓர் அப்பளம், அவ்வளவுதான். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரியும் 28 கிராம் மாச்சத்தும் இருப்பதால், அந்தப் பார்சலின் சோறு மட்டுமே 520 கலோரிக்கு வந்துவிடுகிறது. வயலில் நாள் முழுதும் நிற்பவருக்கு அது அளவான உணவாக இருக்கலாம். கதிரையில் அமர்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகத்தருக்கு அது மிகை. இக்கடையில் சோற்றை அகப்பையால் அள்ளாமல் ஒரு கோப்பையால் அளந்து தட்டில் கவிழ்க்கிறார்கள். அந்தக் கோப்பையில் 150 முதல் 160 கிராம் வரை சோறு கொள்ளும், அதாவது ஏறத்தாழ 200 கலோரி. மிகுதி இடத்தைக் கறிகள் நிரப்புகின்றன. தட்டின் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால் பங்குக்கு மீனோ பருப்போ முட்டையோ, கால் பங்குக்குச் சோறு என்பதை ஒத்த அமைப்பை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரி 2011ஆம் ஆண்டு ஒரு தட்டின் படமாக வரைந்து வெளியிட்டது. அந்தப் படம் இக்கடையின் சுவரில் இல்லை, தட்டில் இருக்கிறது.

ஆனால் அளவைக் குறைத்துப் பரிமாறுவது மட்டும் போதாது என்பதையும் இவர்கள் அறிந்திருக்கிறார்கள். சோறு குறைந்தால் வயிறு நிரம்பாது, வயிறு நிரம்பாதவர் மாலை மூன்று மணிக்கு வீதியோரத்துக் கடையில் ரோல்ஸும் பால்தேநீரும் தேடுவார், மதியம் மிச்சப்படுத்தியது மாலையில் பறிபோகும். ஆகவே இரண்டாம் முறை பரிமாற வரும்போது அவர்கள் முதலில் கொண்டுவருவது சோற்றுச் சட்டியை அல்ல, கீரைச் சுண்டலையும் பருப்பையும். “மறுகா கொஞ்சம் சுண்டல் போடட்டா தம்பி?” என்று கேட்டு, நாம் தலையசைப்பதற்குள் போட்டும் விடுகிறார்கள். சோறு வேண்டும் என்று நாமாகக் கேட்டால் தயங்காமல் தருவார்கள். அதற்கு மேலதிகக் கட்டணமும் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. உணவுக் கட்டுப்பாடு என்ற பெயரில் மனிதரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் பெருகிவிட்ட நேரத்தில், மறுக்காமல் வரிசையை மட்டும் மாற்றிவைக்கும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அரிசி, சம்மாந்துறைப் பக்கத்து ஆலையொன்றிலிருந்து எடுக்கப்படும் சிவப்புப் புழுங்கல். இது பற்றிச் சுவரில் ‘சிவப்பரிசிச் சோறு எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது’ என்று எழுதியிருக்கிறார்கள், அது தவறு. தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதலாக இருப்பது உண்மையே. வெள்ளைச் சோறு 100 கிராமில் அரைக் கிராமுக்கும் குறைவான நார்ச்சத்து இருக்கும்போது, தவிட்டோடு கூடியதில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை இருக்கிறது. நெல்லை அவித்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள பி வகை விற்றமின்களில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் தீட்டப்பட்ட பின்னும் பச்சையரிசியைவிடச் சத்துள்ளதாக இருக்கிறது. சீனியின் ஏற்றமும் சற்று மெதுவாக நிகழும். எனினும் கலோரியிலும் மாச்சத்திலும் சிவப்பும் வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றே. சிவப்பரிசி என்ற துணிவில் இரண்டு கோப்பை உண்பவர், வெள்ளையரிசி ஒரு கோப்பை உண்பவரைவிட அதிக மாச்சத்தையே உள்ளெடுக்கிறார். மேலும் சந்தையில் சிவப்பு என்று விற்கப்படும் அரிசியில் ஒரு பகுதி நன்றாகத் தீட்டப்பட்டு, நிறத்தின் சாயல் மட்டும் எஞ்சியதாக வருகிறது. வாங்கும்போது மணியின் மேல் தவிட்டுப் படை இருக்கிறதா என்று கையிலெடுத்துப் பார்ப்பது நல்லது. இக்கடையின் அரிசி அந்தச் சோதனையில் தேறுகிறது.

கறிகளுக்கு வருவோம். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து காலையில் வரும் கீரையே இவர்களுடைய பலம். முருங்கையிலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கங்குன் ஆகியவற்றில் நாளுக்கு இரண்டாவது இருக்கும். வல்லாரையைப் பச்சையாக நறுக்கித் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்து சம்பலாகவும், மற்றவற்றை அடுப்பில் சில நிமிடங்களே வைத்துச் சுண்டலாகவும் தருகிறார்கள். தேசிக்காய் பிழிவது சுவைக்காக மட்டும் அல்ல: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது, அதை உறிஞ்ச விற்றமின் சி உதவுகிறது. இந்த நன்மையைக் கெடுப்பது, உண்டு முடித்ததும் இலவசமாக வரும் இஞ்சித் தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிணைத்துவிடுகின்றன. இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் அந்தத் தேநீரை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. கடைக்காரர்களும் கோப்பையைத் தட்டோடு நீட்டாமல், கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

மீனில் பெரியதைத் தேடி ஓடாமல் சூடை, கீரி போன்ற சிறு மீன்களைப் புளியிட்டு அவித்துத் தருவதும் பாராட்டுக்குரியது. சிறு மீன்களை முள்ளோடு மென்று உண்ணும்போது கல்சியம் கிடைக்கிறது, சூடை இன மீன்களில் ஒமேகா-3 கொழுப்பும் தாராளமாக உண்டு. விலையோ பாரையின் விலையில் ஒரு சிறு பங்கு. வாவி இறால் வரும் நாட்களில் கூட்டம் இரட்டிப்பாகிவிடும், பன்னிரண்டரை மணிக்குள் போகாதவருக்குச் சட்டி கழுவிய தண்ணீர்தான்.

சமையலில் எனக்குள்ள முறைப்பாடுகள் இரண்டு. முதலாவது தேங்காய்ப்பால். கீரையையும் மீனையும் இவ்வளவு கவனத்தோடு சமைப்பவர்கள், பாலாணத்துக்கும் வெள்ளைக்கறிக்கும் வரும்போது முதற்பாலைத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். கெட்டியான தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 20 கிராம் கொழுப்பு உண்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கு, இரத்தத்துக் கொலஸ்ட்ரோலை உயர்த்தும் நிறைந்த கொழுப்பு. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் நிறைந்த கொழுப்பைச் சுமார் 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையிலிருந்து பெறப்படும் கணக்கு. கறி இரண்டிலும் பாலாணத்திலும் முதற்பால் சேரும் நாளில் அந்த எல்லையின் பெரும்பகுதி மதியத்திலேயே முடிந்துவிடும். நம் பாட்டன் பாட்டி தேங்காய் உண்டு நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்ற வாதத்தை இந்த இடத்தில் எல்லோரும் எடுப்பார்கள். அவர்கள் வயலுக்கும் வாவிக்கும் நடந்தார்கள், தேங்காயைப் பூவாக நாரோடு உண்டார்கள், பொரியல் என்பது நாள் விசேடத்தில் மட்டும் கண்டார்கள். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமான ஒப்பீடாகாது. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் கறியை வேகவைத்து, இறக்கும்போது சிறிது முதற்பால் சேர்த்தால் வாசம் குறையாது.

இரண்டாவது உப்பு. கூனிச் சம்பலும் கருவாட்டுப் பிரட்டலும் இக்கடையில் பேர்போனவை, சுவையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளர்ந்த ஒருவர் நாள் முழுவதற்கும் எடுக்கும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகிய நான்கும் ஒரே தட்டில் சேரும்போது அந்தத் தேக்கரண்டி மதியத்திலேயே காலியாகிவிடக்கூடும். சுவரில் சீனியைப் பற்றி ஒன்பது அறிவிப்புகள் இருக்கின்றன, உப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிறசருக்கு மாத்திரை எடுப்பவர்களே மதியக் கூட்டத்தில் பெரும்பான்மையாக இருக்கும் கடையில் இது விந்தையாகப்படுகிறது. கேட்டுக்கொண்டால் அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் பதிலாக வெள்ளரியும் தக்காளியும் வைத்துத் தருகிறார்கள். கேட்காதவருக்கும் அதையே வைக்கலாம்.

வெண்பலகையின் கலோரிக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பருப்புக்கறிக்கு எதிரே 137 என்று எழுதியிருக்கிறது. பால் கூடிய நாளிலும் அதே 137, தண்ணீராக இருக்கும் நாளிலும் அதே 137. யாரோ ஒருவருடைய உதவியோடு ஒருமுறை கணக்கிட்டதை அழியாமல் காத்து வருகிறார்கள். கறிக் கலோரியைக் கையால் பரிமாறும் கடையொன்றில் கடைசி இலக்கம்வரை துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினாலே 120 கலோரி ஏறிவிடும். இலக்கங்களை அழித்துவிட்டு, ‘இன்று பால் சேர்க்காத கறிகள்’, ‘இன்று பொரித்தவை’ என்று இரண்டு வரி எழுதினால் வாடிக்கையாளருக்கு அதிகப் பயன் கிடைக்கும்.

இனிச் சுவர். இந்தச் சுவரில் உள்ளவை அனைத்தும் தவறானவை என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் குடியுங்கள், மரக்கறி உண்ணுங்கள், நடவுங்கள் என்பவற்றோடு யாருக்கும் பிணக்கில்லை. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், அளவும் ஆளும் குறிப்பிடப்படாத அறிவுரைகளில். ஓர் உணவு நல்லது என்றோ கெட்டது என்றோ ஒருவர் சொல்லும்போது எவ்வளவு, எதற்குப் பதிலாக, யாருக்கு என்று கேட்டாலே பாதி அறிவுரைகள் நின்றுவிடும். ‘சீனிக்குப் பதிலாகத் தேனும் கித்துள் பாணியும் பாவியுங்கள், அவை இயற்கையானவை’ என்பதை எடுத்துக்கொள்வோம். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனி வகைகளே. பாணியும் சர்க்கரையும் சுவையால் வேறுபட்டாலும் இரத்தத்துக்குள் சென்றதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சீனியின் கணக்கில் தேனும் பழச்சாறும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அது நாளாந்தக் கலோரியின் பத்து வீதத்துக்குள், அதாவது 2000 கலோரிக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இக்கடையில் இனிப்பாக வரும் எருமைத் தயிருக்கு மேல் மூன்று கரண்டி பாணி ஊற்றி, ‘நீரிழிவு உள்ளவர்களுக்கும் உகந்தது’ என்று எழுதியிருப்பதை உடனடியாக எடுத்துவிட வேண்டும். மட்டக்களப்புத் தயிருக்குப் பாணி இல்லாமலே போதிய பெருமை உண்டு.

தேங்காயெண்ணெய் பற்றிய அறிவிப்பும் இத்தகையதே. ‘கெட்ட கொலஸ்ட்ரோலைக் கரைக்கும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைந்த கொழுப்பு என்பதும், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டியிருக்கிறது என்பதும் தெளிவானவை; அமெரிக்க இதய சங்கம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இதனை வெளிப்படையாகச் சொன்னது. அதற்காகத் தேங்காயெண்ணெயை நஞ்சென்று வீட்டிலிருந்து அகற்ற வேண்டியதில்லை, மருந்தென்று குடிக்கவும் வேண்டியதில்லை. சிறிதளவு எண்ணெயில் தாளிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செய்திப் பத்திரிகையொன்றிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டொன்று, சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புகைத்தலுக்குச் சமமான ஆபத்து என்று சொல்கிறது. இதற்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015ஆம் ஆண்டு பதப்படுத்திய இறைச்சியை, புகையிலை இருக்கும் அதே முதலாம் பிரிவில் சேர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிக்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்கவில்லை. அப்போது சொல்லப்பட்ட கணக்கு, நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 வீதத்தால் கூடும் என்பது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஆறு பேராகும். அந்தக் கூடுதலும் பொருட்படுத்தத்தக்கதே. பிள்ளைகளின் காலை உணவுப் பெட்டியில் சொசேஜ் நாள்தோறும் இடம்பெறுவது நல்லதல்ல. ஆயினும் ‘18 வீதம்’ என்று கேட்டதும் நூறு பேரில் பதினெட்டுப் பேர் என்று எண்ணிக்கொள்பவர்களே நம்மிடையே அதிகம், பத்திரிகைகளும் அவர்களைத் திருத்துவதில்லை.

முட்டை மஞ்சட்கருவைத் தவிர்க்கச் சொல்லும் பழைய தாள் ஒன்றும், நாளுக்கு ஒரு முட்டை உண்ணச் சொல்லும் புதிய தாள் ஒன்றும் இங்கே அருகருகே ஒட்டப்பட்டிருக்கின்றன. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், வைத்தியர்களுக்கே தெரியவில்லை, நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். உணவிலிருந்து வரும் கொலஸ்ட்ரோலை நாளுக்கு 300 மில்லிகிராமுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கியது உண்மைதான். இரத்தத்துக் கொலஸ்ட்ரோலை உயர்த்துவதில் நிறைந்த கொழுப்பின் பங்கே பெரியது என்று தெரியவந்ததால் ஏற்பட்ட மாற்றம் அது. ஆனால் ஓர் எல்லை மாறியதற்காக எல்லாம் மாறிவிட்டதாகக் கொள்வது சோம்பலுக்குத் தேடும் சாட்டு. கீரையும் பருப்பும் மீனும் பழமும் கூடுதலாக, உப்பும் சீனியும் பொரியலும் குறைவாக என்ற அடிப்படை எத்தனையோ ஆண்டுகளாக அசையவில்லை.

குறிஞ்சா இலைக்கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதற்காகவே காலையில் இங்கு வருகிறார்கள். கஞ்சி நன்றாக இருக்கிறது: சிவப்பரிசி, இலைச்சாறு, சிறிது தேங்காய்ப்பால், உள்ளி. பாணும் சம்பலும் கொண்ட காலை உணவைவிட இது சிறந்தது. குறிஞ்சாவிலுள்ள ஒரு சேர்மம் நாக்கில் இனிப்புச் சுவையைச் சற்று நேரம் மறைத்துவிடும். இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணலைப்போல் இருக்கும். அதனால் இனிப்பின் மீதுள்ள ஆசை குறைவது உதவிதான். ஆனால் ‘இக்கஞ்சியை மூன்று மாதம் குடித்தால் மாத்திரை தேவையில்லை’ என்ற வரியை எழுதியவர், அதை நம்பி நீரிழிவு மாத்திரையான மெட்போமினை நிறுத்தும் ஒருவருக்கு என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நீரிழிவு வலி தராமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் கால் நரம்புகளையும் பாதிக்கும் நோய். மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே எதுவும் தெரியாது, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

அதைவிட மோசமான தாள் ஒன்று கைகழுவும் இடத்தின் மேலே இருந்தது: காமரங்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் சீனி குறையும் என்று. நட்சத்திரப் பழம் என்றும் அழைக்கப்படும் இக்காயிலும், அதன் இனத்தைச் சேர்ந்த பிலிம்பிக்காயிலும் ஒக்சலேற்று மிகுதியாக உண்டு. அளவுக்கு மிஞ்சிய சாறு, குறிப்பாக வெறும் வயிற்றில், சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அதைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடும். இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு அந்தப் பழத்தின் சிறிதளவே ஆபத்தாகலாம். இதை நிர்வாகத்திலுள்ள மூத்த பெண்மணியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “கைத்தொலைபேசியில வந்தத மகள் பிரிண்ட் எடுத்து ஒட்டினவ தம்பி” என்று சொல்லி அந்தத் தாளை அப்போதே கிழித்துவிட்டார். தயிர்ப்பாணித் தாளைப் பற்றிக் கேட்டபோது மட்டும், அது வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது என்று சிரித்தார்.

குளிர்பெட்டியில் வாயுப் பானங்களும் வைத்திருக்கிறார்கள். சத்துணவுக் கடையில் அவை ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை, ஏனெனில் இந்தக் குளிர்பெட்டியில் சுவரைவிட நேர்மையான தகவல் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியின்படி இலங்கையில் விற்கப்படும் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்ற நிறக் குறியீடு இடம்பெறுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே இருந்தால் பச்சை என்பதே அந்த விதியில் வகுக்கப்பட்ட அளவு. 250 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் 11 கிராம் வீதம் கணக்கிட்டால் 27 கிராமுக்கு மேல், அதாவது ஆறேழு தேக்கரண்டி சீனி. ஆனால் இக்கடையில் கண்முன்னே பிழியும் பப்பாசிச் சாற்றுக்கும் தோடம்பழச் சாற்றுக்கும் குறியீடு எதுவும் கிடையாது, ஒவ்வொரு கண்ணாடிக்குவளைக்கும் இரண்டு கரண்டி சீனி போகிறது. பப்பாசியைத் துண்டாக வெட்டித் தட்டில் வைத்தால் நாரும் கிடைக்கும், சீனியும் தேவைப்படாது, வேலையும் மிச்சம்.

இக்கடையின் சாப்பாட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரியாகப் பரிந்துரைக்க முடியாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவைப் பற்றி வைத்தியரிடம் பேசிய பின்பே குறைக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை எடுக்கும் இதய நோயாளர்கள் கீரையை ஒரு நாள் மலைபோலவும் மறுநாள் இல்லாமலும் உண்ணாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கீரையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கிறது. சிறுநீரக நோயாளர்களுக்குக் கீரை, பருப்பு, இளநீர் ஆகியவற்றின் அளவைத் தீர்மானிப்பவர் அவர்களுடைய கிளினிக் வைத்தியராகவே இருக்க வேண்டும். நோய் இருக்கிறதா என்றே தெரியாதவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். கடையின் மூலையில் வைத்திருக்கும் நிறைபார்க்கும் தராசில் ஏறி, சுவரிலுள்ள ஐரோப்பியர்களுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைவது சரியல்ல. ஆசிய மக்களுக்கு, நிறையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் திணிவுச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று 2004ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது நம்மவர்களுக்குரிய எல்லை. ஒரு தையல் நாடா தொங்கவிட்டால் தராசைவிட உதவும்.

சுத்தத்தில் குறையில்லை: சட்டிகள் மூடியிருக்கின்றன, பரிமாறுபவர்கள் பணத்தைத் தொடுவதில்லை, குடிநீர் கொதித்து ஆறியது. மரக்கறிச் சாப்பாடு 350 ரூபா, மீனோடு 450, இறால் நாட்களில் 600. நகரத்துப் பார்சலோடு ஒப்பிட்டால் சோறு குறைவு, விலை சற்று அதிகம் என்று முறையிடுபவர்கள் தட்டிலுள்ள கறியை எண்ணிப் பார்ப்பதில்லை. பார்சல் எடுப்பதென்றால் சொந்தப் பாத்திரம் கொண்டுபோவது நல்லது. தாளில் கட்டும்போது ஆணமும் சுண்டலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, பாத்திரம் கொண்டுபோனால் விலையிலும் இருபது ரூபா குறைப்பார்கள். கஞ்சி காலை ஏழு மணி முதல் ஒன்பதுவரை, மதியச் சாப்பாடு பதினொன்றரை முதல் இரண்டுவரை, ஞாயிறு பூட்டு. அப்பளம் வேண்டாம், பால் குறைந்த கறி போதும் என்பவர்கள் காலை பத்து மணிக்கு முன் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அதற்கேற்பத் தனியாக எடுத்துவைக்கிறார்கள்.